பல்லைப் பிடுங்கியும் சீழ் நிற்கவில்லையா? ஆறாத குழிக்குள் என்ன நடக்கிறது

2025 மே மாதம் வெளிவந்த ஒரு ஆய்வு நம் பக்கத்து ஊர்களில் பலரைக் கலங்க வைத்தது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போன பத்துப் பேருக்கு மூளை வரை கிருமி பரவியது; அவர்களில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள் என்று அது சொன்னது. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் பர்கூர் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் அது. அதற்கப்புறம் பல் பிடுங்கிய இடத்தில் லேசாக வலித்தாலே "நமக்கும் அதுதானோ" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பல்லைப் பிடுங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். காலையில் எழுந்தால் வாயில் உப்புக் கரிக்கும், நாற்றமடிக்கும், தாடை அவ்வப்போது வீங்கும். மெடிக்கலில் ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்கும், பத்து நாளில் திரும்பி வரும். "பல்லுதான் போயிடுச்சே, இன்னும் எங்கிருந்து சீழ் வருது?" என்று கேட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கூட்டம்தான் பெரியது. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கானது. வாணியம்பாடி விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள முதலில் அடிப்படை தெரிய வேண்டும்.

குழி எப்படி ஆறுகிறது

தாடை எலும்பில் ஒவ்வொரு பல்லுக்கும் தனியாக ஒரு பள்ளம் உண்டு. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் பிணைத்திருக்கும். பல்லைப் பிடுங்கும்போது அந்த நார்கள் அறுந்து, எலும்புப் பள்ளம் வாய்க்குள் திறந்து நிற்கிறது. கையிலோ காலிலோ எலும்பு இப்படித் திறந்துகொண்டால் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் தூக்கிப் போவார்கள். வாயில் மட்டும் பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதற்குக் காரணம் தாடைக்கும் ஈறுக்கும் இருக்கும் நல்ல ரத்த ஓட்டமும், அந்தப் பள்ளத்தில் உறையும் ரத்தமும்தான். ஆறுதல் இந்த வரிசையில் நடக்கிறது:

1. முதல் நாள்: பள்ளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அடியில் இருக்கும் எலும்புக்கு இந்தக் கட்டிதான் மூடி. புதுச் சதை வளர்வதும் இதைப் பிடித்துக்கொண்டுதான்.

2. இரண்டாம், மூன்றாம் நாள்: வீக்கம் உச்சத்துக்குப் போகும். இது கிருமியால் வருவதல்ல. காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை.

3. முதல் வாரக் கடைசி: உறைந்த ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் சிவந்த இளஞ்சதை வளரும்.

4. மூன்று, நான்கு வாரம்: மேலே ஈறு மூடும். பள்ளம் போலக் குழிந்திருக்கும், ஆனால் எலும்பு வெளியே தெரியாது.

5. மூன்று முதல் ஆறு மாதம்: உள்ளே எலும்பு நிரம்பும். இது வெளியே தெரியாத வேலை.

இந்த வரிசையில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றாம் நாளுக்கு அப்புறம் வலியும் வீக்கமும் குறைந்துகொண்டே போக வேண்டும். மெதுவாகக் குறையலாம். ஞானப்பல்லை அறுத்து எடுத்திருந்தால் இன்னும் சில நாள் கூட ஆகலாம். ஆனால் குறைந்த வலி மறுபடி ஏறுகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது.

சீழ் என்று பயப்பட வேண்டாதவை

குழிக்கு மேலே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரிந்தால் உடனே சீழ் என்று நினைத்து விரலாலும் குச்சியாலும் சுரண்டிவிடுகிறார்கள். ஆறும் காயத்தின் மேல் படியும் புரதப் படலம் அது. சுரண்டினால் ஆறுவது தள்ளிப்போகும். சீழ் என்றால் ஈறை அழுத்தும்போது வடியும், நாற்றமடிக்கும், வாய்க்குள் கெட்ட சுவை வந்துகொண்டே இருக்கும்.

சில வாரம் கழித்து ஈறைக் கிழித்துக்கொண்டு சின்னதாக ஒரு கூர்மையான துண்டு தட்டுப்படலாம். "டாக்டர் பல்லை உடைச்சு உள்ளேயே விட்டுட்டார்" என்று பலர் கோபப்படுவது இதைப் பார்த்துத்தான். பெரும்பாலும் அது குழியின் விளிம்பில் உதிர்ந்த எலும்புச் சில்லு. தானாக வெளியே வந்துவிடும். உறுத்தினால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

மூன்றாவதாக வருவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொற்றோடு அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படுவது அதுதான். பல் மருத்துவர்கள் அதை 'டிரை சாக்கெட்' என்பார்கள். உறைந்த ரத்தம் சீக்கிரமே கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு மூடியில்லாமல் காற்றுக்கும் உணவுக்கும் திறந்து கிடக்கும் நிலை அது. பிடுங்கி மூன்று முதல் ஐந்து நாளுக்குள் வலி திடீரென்று கூடும்; காது, நெற்றிப்பொட்டு வரை இழுக்கும்; தூங்க விடாது. ஆனால் காய்ச்சல் இருக்காது, சீழ் இருக்காது, பெரிய வீக்கமும் இருக்காது. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களிலும் ஞானப்பல்லிலும் இது அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், பல்லை எடுக்க ரொம்ப நேரம் போராட வேண்டியிருந்தவர்களுக்கும் வர வாய்ப்புக் கூடுதல்.

இதற்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது. குழியை சலைனால் (கிருமி நீக்கிய உப்புநீரால்) கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்து சேர்ந்த மருந்துத் துணியை உள்ளே வைத்தால் சில மணி நேரத்தில் வலி இறங்கும். ஓரிரு முறை மாற்றி வைத்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் சரியாகும். இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் எத்தனையோ பேர் நான்காம் நாள் கிளினிக்குக்குத் திரும்பிப் போகாமல் மெடிக்கலுக்குப் போய், "இன்னும் பவரா மாத்திரை குடுங்க" என்று கேட்கிறார்கள். வீட்டிலேயே கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் திணிப்பதும் கூடாது. அளவு தெரியாமல் வைத்தால் சதை வெந்துபோகும்.

உண்மையான தொற்று எங்கே தங்குகிறது

இரண்டு வாரம் கடந்தும் சீழ் வடிகிறது, அல்லது அடங்கி அடங்கித் திரும்பி வருகிறது என்றால், கிருமிக்கு உள்ளே ஒரு இருப்பிடம் இருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

1. உடைந்து தங்கிய வேர். சொத்தை முற்றிய பல் சுண்ணாம்பு போல நொறுங்கும். வளைந்த வேர் நுனி எலும்புக்குள் உடைந்து நின்றுவிடலாம். பழுது இல்லாத பல்லின் சின்ன வேர் நுனி தங்கினால் சில சமயம் தொந்தரவே தராது. நரம்புக்கோ சைனஸுக்கோ பக்கத்தில் இருந்தால் மருத்துவர்களே அதை வேண்டுமென்று விட்டுவைப்பதும் உண்டு. ஆனால் சீழ் பிடித்த பல்லின் வேர் தங்கினால் அது கிருமிகளின் வீடாகிவிடும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும்.

2. வேர் நுனியில் இருந்த பை. வருடக்கணக்கில் சொத்தையாகக் கிடந்த பல்லின் வேர் நுனியில் எலும்பு கரைந்து, அழற்சித் திசு ஒரு சின்னப் பை போல வளர்ந்திருக்கும். சில சமயம் அது நீர்க்கட்டியாகவே மாறியிருக்கும். பல் வெளியே வந்தாலும் இந்தப் பை உள்ளேயே தங்கலாம். வலி இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்து, ஒரு நாள் வீங்கி நிற்கும்.

3. மேல்தாடையில் சைனஸ் திறந்துகொள்வது. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கும் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. பிடுங்கும்போது அந்தத் தகடு போனால் வாய்க்கும் மூக்குக்கும் வழி திறந்துவிடும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக ஒழுகும், வாயில் காற்றை அடக்கினால் மூக்கில் போகும். சின்ன ஓட்டை தானாக மூடும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மூடாது, தைக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி மாதக்கணக்கில் வரும். அதைச் சளித் தொல்லை என்று நினைத்து வேறு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

4. எலும்பே பாதிக்கப்படுவது. கிருமி எலும்பின் உட்பகுதிக்குள் புகுந்தால் அங்கே அழுத்தம் கூடி ரத்தக்குழாய்கள் அடைபடும். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். செத்த எலும்பில் கிருமி பத்திரமாக வாழும். மேல்தாடையைவிட ரத்த ஓட்டம் குறைவான கீழ்த்தாடையில்தான் இது அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட எலும்பு அழற்சி என்பார்கள். மந்தமான வலி, ஆடத் தொடங்கும் பக்கத்துப் பற்கள், தாடை ஓரத் தோலில் துளைத்துக்கொண்டு வடியும் சீழ் எல்லாம் வரும். கீழ் உதடு மரத்துப்போவது இதில் மிக முக்கியமான அடையாளம். பிடுங்கும் ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். பல நாள் கழித்துப் புதிதாக உதடு மரத்தால் தாடைக்குள் ஓடும் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள்.

5. குற்றவாளி பக்கத்துப் பல்லாக இருப்பது. சீழ் வரும் வழி பழைய குழிப் பக்கம் இருக்கலாம், மூலம் அடுத்த பல்லின் வேரில் இருக்கலாம்.

ஞானப்பல்லை அறுத்து எடுத்தவர்களுக்கு இன்னொரு விதமும் உண்டு. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்த பிறகு, மூன்றாவது நான்காவது வாரத்தில் திடீரென்று அந்த இடம் வீங்கும். எலும்பின் மேல் சவ்வுக்கு அடியில் தங்கிய எலும்புத் தூள் போன்றவைதான் காரணம். திறந்து கழுவிவிட்டால் சரியாகிவிடும்.

தோலில் வரும் கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாடை ஓரத்திலோ முகவாய்க்குக் கீழோ ஒரு பரு வந்து உடைந்து ஆறி மறுபடி உடைகிறது என்றால், களிம்பு போடுவதற்கு முன்னால் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் மேல் சுண்ணாம்புப் பத்து போடுவதும், சூடான உப்பு மூட்டை வைத்து ஒத்தடம் கொடுப்பதும் தோலைப் புண்ணாக்கும், சீழை வெளித்தோலுக்கு இழுக்கும்.

இணையத்தில் சுற்றும் ஒரு கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கிய இடத்தில் தாடைக்குள் 'மறைவான குழி' இருக்கிறது, முதுகு வலியிலிருந்து சோர்வு வரை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், அறுத்துச் சுரண்டினால் சரியாகும் என்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர் பழையது. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைக்குப் பின்னால், வாய்க் கிருமியே பல நோய்களுக்கு மூலம் என்ற நம்பிக்கை பரவி, நல்ல பற்களையெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கித் தள்ளினார்கள். எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் எதுவும் இல்லாமல், சீழும் இல்லாமல், உடம்பு வலிக்காகத் தாடையை அறுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை அடக்கும், ஆனால் எடுத்துப் போடாது

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். நாம் விழுங்கும் ஆண்டிபயாட்டிக் குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் போகும். சீழ் தேங்கிய பைக்குள் ரத்தக்குழாய் கிடையாது. செத்த எலும்புக்குள் கிடையாது. உடைந்த வேருக்குள்ளும் கிடையாது. ஆக, கிருமி எங்கே குடியிருக்கிறதோ அங்கேதான் மருந்து போய்ச் சேருவதில்லை.

மருந்து போய்ச் சேருவது சுற்றியிருக்கும் உயிருள்ள சதைக்கு. அங்கே பரவியிருந்த கிருமி சாகும், வீக்கம் வடியும், வலி நிற்கும். "குணமாயிடுச்சு" என்று நாம் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி மறுபடி பெருகப் பத்து நாள் போதும். அடுத்த முறை வேறு மாத்திரை, அதற்கடுத்த முறை இன்னும் விலை கூடியது. ஒவ்வொரு சுற்றிலும் மருந்துக்கு அசராத கிருமியே மிஞ்சுகிறது. அதனால் மாத்திரையில் அடங்கித் திரும்பி வரும் வீக்கத்தைப் பார்த்து "மருந்து பவர் பத்தவில்லை" என்று முடிவு செய்யக் கூடாது. உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்றுதான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கண்டுபிடித்து எடுப்பது, சீழைத் திறந்துவிடுவது, இவைதான் வைத்தியம். ஆண்டிபயாட்டிக் அதற்குத் துணை.

மெடிக்கல்களில் கிடைக்கும் 'செட்டு மாத்திரை' இதைவிட மோசம். ஒரு சின்னக் காகித உறையில் நான்கைந்து மாத்திரை: வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, ஆண்டிபயாட்டிக் ஒன்று. சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தை மந்திரம் போட்டது போல இறக்கும். கூடவே உடம்பின் எதிர்ப்பையும் இறக்கும், சர்க்கரையை ஏற்றும். உள்ளே தொற்றை வைத்துக்கொண்டு இதைப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. உறையில் பெயர் எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள். அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரியாமலே போய்விடும். வலி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

நம் மாவட்டங்களில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்பதற்கு ஒரு கண்கூடான காரணம் இருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு போகிறவர்கள் ஊருக்கு வரும் இரண்டு நாளில்தான் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று மருத்துவர் சொல்லும் நாளில் அவர்கள் சாரத்தின் மேல் நிற்கிறார்கள். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு நாள் கூலி போவதைவிட ஒரு உறை மாத்திரை மலிவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் போட்டால் மாத்திரைச் செலவு ஒரு எக்ஸ்ரேயின் விலையைத் தாண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் அந்த எக்ஸ்ரேக்குப் பெரிய செலவும் இல்லை.

உடம்பே ஆற விடாதபோது

உள்ளே எதுவும் தங்கவில்லை, ஆனாலும் ஆறவில்லை என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் முதலில் வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, சின்ன ரத்தக்குழாய்களும் கெட்டிருக்கும். தனக்குச் சர்க்கரை இருப்பதையே ஆறாத பல் குழியால் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் குழி ஆறவில்லை என்றால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை வந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் அந்த மே மாதம் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் அது மேல்தாடையைத் தின்றது. பலருக்கு முதல் அறிகுறி ஆடும் பல், ஆறாத குழி, மேல் அண்ணத்தில் கறுப்பு. அலை போய்விட்டது, அந்தப் பூஞ்சை எங்கும் போகவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு மேல்தாடைக் குழி கறுத்து, கன்னமும் கண்ணும் வீங்கினால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு தேய்வுக்கோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் ஊசி, அலெண்ட்ரோனேட் மாத்திரை, டெனோசுமாப் போன்ற மருந்து எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பு ஆறுவது கடினம். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருந்தால் இந்த மருந்தைச் சந்தேகப்பட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசி என்பதால் பலர் பல் மருத்துவரிடம் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். தலை, கழுத்துப் பகுதியில் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வைத்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

காசநோய் போன்ற வேறு கிருமிகள் குழியை ஆற விடாமல் வைப்பது அபூர்வம், ஆனால் நடக்கிறது.

கடைசியாக, சொல்லத் தயங்கும் காரணம்: புற்றுநோய். வெற்றிலையில் புகையிலை வைத்து மெல்லுகிற, பாக்குப் பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்குகிற பழக்கம் நம் பக்கம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஈறில் வரும் புற்று முதலில் பல்லை ஆட வைக்கும். "பல் ஆடுது, பிடுங்கிடுங்க" என்று போவார்கள், பல் சுலபமாக வந்துவிடும், குழி மட்டும் ஆறாது. அங்கிருந்து சதை புடைத்து வளரும், தொட்டால் ரத்தம் வரும், பெரும்பாலும் வலியே இருக்காது. வலி இல்லாததால்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூன்று வாரம் கடந்தும் குழியில் புண் ஆறாமல் சதை வளர்ந்தால், ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் சரி. மறுபடி மறுபடி ஆண்டிபயாட்டிக் எழுதுவது இங்கே நேரத்தைத் தின்பது. சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வெட்டி எடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

நம் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் பழுப்பேறிய பற்கள் இங்கே சாதாரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகளும் போர்வெல்களும் இருந்ததால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

அந்தக் கறை தொற்று அல்ல, அது குழியை ஆற விடாமலும் செய்யாது. ஆனால் மறைமுகமாக ஒரு கெடுதல் உண்டு. "எங்க ஊர்ல எல்லார் பல்லும் இப்படித்தான்" என்ற பழக்கத்தில், கறைக்கு நடுவே வரும் உண்மையான சொத்தை கவனிக்கப்படாமல் போகிறது. வேர் வரை சீழ் பிடித்த பின்னால்தான் பிடுங்கப் போகிறார்கள். அப்படிப் பிடுங்கும் பல் உடையவும், பை தங்கவும் வாய்ப்பு அதிகம்.

வாணியம்பாடியில் நடந்தது வேறு

இப்போது முதலில் சொன்ன செய்திக்கு வரலாம். மேலே சொன்ன பெரும்பாலான தொற்றுகளில் கிருமி நம் வாயில் ஏற்கெனவே இருப்பது. வாணியம்பாடியில் கிருமி வெளியிலிருந்து உள்ளே போனது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நிறுவனமும் மாநிலப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து தேடியபோது, அந்தக் கிளினிக்கில் திறந்து வைத்திருந்த சலைன் பாட்டிலில் அதே கிருமி இருந்தது. ஈறை நெம்பப் பயன்படுத்தும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, திரும்பத் திரும்ப எடுத்து ஊற்றியதுதான் வழி என்று ஆய்வு சொன்னது. கிருமி வாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போனது.

இப்படி நடப்பது மிக மிக அரிது. அதற்காகப் பல் பிடுங்கப் பயப்பட வேண்டியதில்லை. சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து அதிகம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கருவிகள் நீராவியில் கிருமி நீக்கி, உறையிலிருந்து பிரிக்கப்படுகின்றனவா? கையுறை புதிதா? கழுவும் சலைன் உங்களுக்காகத் திறந்ததா? இதைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பலகையில் 'பல் வைத்தியர்' என்று மட்டும் எழுதி, பி.டி.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் இல்லாத இடங்களுக்குப் போகாதீர்கள்.

ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

1. நாக்குக்கு அடியிலும் முகவாய்க்குக் கீழும் இரண்டு பக்கமும் பலகை போல இறுகி வீங்குவது, நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவது, குரல் மாறுவது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கியிருக்கிறது. மூச்சுக்குழாய் அடைபடச் சில மணி நேரம் போதும்.

2. வாயை ஒரு விரல் அளவுக்குமேல் திறக்க முடியாமை, கூடவே காய்ச்சல்.

3. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் தலைவலி, முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, குழப்பமாகப் பேசுவது.

4. நடுக்கத்தோடு காய்ச்சல், முக்கியமாக இதய வால்வு மாற்றியவர்கள், வால்வுக் கோளாறு உள்ளவர்கள். பல் பிடுங்கி சில வாரம் கழித்து விட்டு விட்டு வரும் காய்ச்சலும் இதில் சேரும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இரவிலும் திறந்திருக்கும். பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று விடியும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

மறுபடி மருத்துவரிடம் போகும்போது

அவசரம் இல்லாத, ஆனால் ஆறாத குழியோடு போகிறீர்கள் என்றால், பிடுங்கிய தேதியை எழுதிக்கொண்டு போங்கள். இதுவரை போட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், காலி அட்டையானாலும் சரி. முதலில் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதுவும் வேண்டும். பிடுங்குவதற்கு முன் எடுத்ததையும் இப்போதையதையும் ஒப்பிட்டால்தான் எலும்பு கரைகிறதா நிரம்புகிறதா என்று தெரியும். எலும்பில் பாதிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்; அதனால் ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். தேவைப்பட்டால் தாடைக்கென்றே இருக்கும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

இரண்டு கேள்விகளை நீங்களே கேளுங்கள். "உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்பது ஒன்று. "சீழை எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்பலாமா?" என்பது இன்னொன்று. இரண்டு மூன்று ஆண்டிபயாட்டிக் போட்டும் கேட்காத தொற்றுக்கு, சீழ்ச் சோதனை செய்து எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று பார்த்து எழுதுவதுதான் முறை. நாள்பட்ட எலும்புத் தொற்றென்றால் ஐந்து நாள் மாத்திரையெல்லாம் போதாது. செத்த எலும்பை எடுத்துவிட்டு வாரக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், அதை வாய், முக அறுவை மருத்துவர் பார்ப்பார்.

குழியைத் திறந்து சுரண்டினால், அந்தத் திசுவைக் கிண்ணத்தில் கொட்டிவிடாமல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வர ஒரு வாரம் போல ஆகும். வலி நின்றுவிட்டது என்று அதை வாங்காமல் விடுகிறவர்கள் நிறைய. ஊரில் இல்லையென்றால் வீட்டில் யாரையாவது அனுப்பி அந்தத் தாளை வாங்கி, அதை எழுதியனுப்பிய மருத்துவரிடமே காட்டச் சொல்லுங்கள்.